யாருக்குத் தெரியப் போகுது?

சுங்கை சிப்புட்டில் நான் ஹெல்மெட் போடாமல் மோட்டாரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால், வீடு திரும்புவதற்குள் அம்மாவுக்குச் செய்தி போயிருக்கும். யார் சொன்னது என்று கேட்டால் பதில் வராது. பக்கத்து வீட்டு ஆன்ட்டியாக இருக்கலாம், மளிகைக் கடை அண்ணனாக இருக்கலாம், கோயில் செயலாளராகக்கூட இருக்கலாம். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகாவிட்டால் சனிக்கிழமை காலையில் பசியாறும்போது விசாரணை நடக்கும். ஊர் முழுக்கக் கண்ணுதான். அந்தக் கண்ணுக்குள்ளேயே பத்தொன்பது வருஷம் வளர்ந்தேன்.

பிறகு இன்ஜினியரிங் படிக்க கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வந்தேன். முதல் வாரமே ஒன்று புரிந்துவிட்டது. இங்கே என்னை யாருக்கும் தெரியாது. எல்ஆர்டியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிற நூறு பேரில் ஒருத்தருக்குக்கூட நான் யார் மகன் என்று தெரியாது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

அது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஊர்க்கண் எல்லாமே நல்ல கண் இல்லை. எங்கள் தாமானில் ஒரு அக்கா வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பினால் பத்துப் பேர் பத்துக் கதை சொல்வார்கள். அந்த அக்கா இப்போது கோலாலம்பூரில்தான் வேலை செய்கிறார். இங்கே வந்த பிறகுதான் நிம்மதியாக மூச்சு விடுகிறேன் என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். யாரும் பார்க்காத ஊர் சிலருக்குப் பெரிய வரம். ஆனால் அதே ஊர் எனக்கு ஒரு கேள்வியையும் வைத்தது. அந்தக் கேள்வியின் விலை பத்து வெள்ளி.

முதல் செமஸ்டரில் சனிக்கிழமை ஆனால் நான் அறையில் இருக்க மாட்டேன். ஒரு வாரம் கொமுட்டர் ஏறி பத்துமலை. 272 படியையும் நிற்காமல் ஏறிவிட்டு, கீழே வந்து கால் நடுங்க இளநீர் குடித்தேன். இன்னொரு வாரம் மஸ்ஜிட் இந்தியா. மூன்றாவது வாரம் பிரிக்பீல்ட்ஸ்.

பிரிக்பீல்ட்ஸ் போக எனக்குத் தனியாக ஒரு காரணம் இருந்தது. அங்கே இருக்கும் பெரிய சாலையின் பெயர் ஜாலான் துன் சம்பந்தன். துன் சம்பந்தன் எங்கள் சுங்கை சிப்புட்டில் 1919-இல் பிறந்தவர். ஊர்க்காரர் பெயரில் தலைநகரத்தில் ஒரு சாலை இருக்கிறது, அதில் நடந்துவிட்டு வர வேண்டும் என்று ஒரு சின்ன ஆசை. நம் ஊர் பையன்களுக்கு இது புரியும்.

ஆனால் கேஎல் சென்ட்ரலில் இறங்கியதும் எந்தப் பக்கம் வெளியே வருவது என்றே தெரியவில்லை. ஒரு கடைத்தொகுதிக்குள் நுழைந்து, மின்படியில் ஏறி, இறங்கி, மறுபடியும் அதே காபிக் கடை முன்னால் வந்து நின்றேன். கையில் கூகள் மேப். அதில் இருந்த நீலப் புள்ளி என்னைவிட அதிகமாகக் குழம்பிப் போயிருந்தது. எப்படியோ வெளியே வந்து, மோனோரயில் பாலத்துக்குக் கீழே ஒரு தூண் பக்கத்தில் நின்று வலமா இடமா என்று முழித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பக்கத்தில் இருந்து ஒரு குரல்.

"என்னா தம்பி, வழி தெரியலையா?"

சின்ன நாற்காலியில் ஒரு அங்கிள் உட்கார்ந்திருந்தார். மடியில் டிஷ்யூ பாக்கெட்டுகள். பக்கத்தில் மடக்கி வைத்த வெள்ளைக் கோல். நான் வாயே திறக்கவில்லை, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"ஒரே எடத்துல நாலு தடவ திரும்புற செருப்புச் சத்தம் கேட்டுச்சு. புது ஆளுன்னு தெரிஞ்சிபோச்சி."

வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு எப்படிப் போக வேண்டும், எந்தச் சந்தியில் சாலையைக் கடப்பது நல்லது, எங்கே நடைபாதை உடைந்திருக்கிறது, எல்லாவற்றையும் சொன்னார். கண் தெரிகிற நான் தொலைந்து நிற்கிறேன், கண் தெரியாதவர் வழி சொல்கிறார். "பேச்சப் பாத்தா பேரா பக்கம் மாரி இருக்கே" என்றார். சுங்கை சிப்புட் என்றேன். "அப்போ நீ ஒன் ஊர்க்காரர் ரோட்டுலதான் நிக்கிற" என்று சிரித்தார்.

பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றோரைப் பார்ப்பது அபூர்வம் இல்லை. 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. பயிற்சிக்கு வந்தவர்கள் பலர் அங்கேயே வேலை பார்த்து வாழ்கிறார்கள். பார்வையற்றோர் நடத்தும் மசாஜ் நிலையங்களின் பலகைகளை வரிசையாகப் பார்க்கலாம். நடைபாதையில் காலுக்குத் தட்டுப்படும்படி கோடு போட்ட கற்கள் பதித்திருக்கிறார்கள். அந்த இடம் அவர்களுடைய ஊர். அன்றைக்கு விருந்தாளி நான்தான்.

சாப்பிட்டு, கடைகளைச் சுற்றி, ஊதுபத்தியும் அம்மாவுக்கு ஒரு சின்ன விளக்கும் வாங்கிக்கொண்டு திரும்பும்போது சாயங்காலம் ஐந்து மணி. கோலாலம்பூர் மழை தெரியும்தானே, சொல்லாமல் கொள்ளாமல் கொட்டியது. ஓடிவந்து அதே பாலத்துக்குக் கீழே நின்றேன். அங்கிள் கடையைக் கட்டிக்கொண்டிருந்தார். வழி சொன்னவரிடம் ஏதாவது வாங்காமல் போனால் நன்றாக இருக்காது என்று டிஷ்யூ கேட்டேன். இரண்டு வெள்ளி. என்னிடம் இருபது வெள்ளி நோட்டுதான் இருந்தது. அவர் பையில் இருந்து நோட்டுகளை எடுத்து, விரலால் நீளம் பார்த்துப் பார்த்து என் கையில் வைத்தார். நம் நாட்டு நோட்டுகள் அளவில் கொஞ்சம் கொஞ்சம் வேறுபடும். ஆனால் அன்றைக்கு மழை, நோட்டெல்லாம் ஈரம், அவருக்கும் அவசரம். நான் எண்ணிப் பார்க்காமல் பாக்கெட்டில் சொருகிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

எல்ஆர்டி பங்சாரை நெருங்கும்போதுதான் எடுத்துப் பார்த்தேன். இருபது கொடுத்தேன். கையில் இருபத்தெட்டு இருந்தது. பத்து வெள்ளிக்குப் பதிலாக இன்னொரு இருபதைக் கொடுத்திருக்கிறார். அவர் ஐந்து பாக்கெட் விற்றால்தான் பத்து வெள்ளி.

பங்சாரில் கதவு திறந்தது. இறங்கி எதிர்ப்பக்கம் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் கேஎல் சென்ட்ரல். மொத்தம் பத்து நிமிடம் ஆகுமா? கதவு மூடியது. நான் இறங்கவில்லை.

மனம் எவ்வளவு வேகமாகக் காரணம் தயாரிக்கும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மழை பெய்கிறது. அவர் இந்நேரம் கிளம்பியிருப்பார். மறுபடியும் டிக்கெட் காசு. பத்து வெள்ளிதானே. நானும் மாணவன்தான், பிடிபிடிஎன் கடனில் படிக்கிறவன். இத்தனை காரணத்துக்கும் அடியில் ஒரு வாக்கியம் இருந்தது. யாருக்குத் தெரியப் போகுது?

இதே சம்பவம் சுங்கை சிப்புட்டில் நடந்திருந்தால் அடுத்த நிமிடமே திரும்பி ஓடியிருப்பேன். கடைக்காரருக்கு அப்பாவைத் தெரியும். அப்படியென்றால் இத்தனை வருஷமாக நான் நல்ல பையன் என்று பெயர் எடுத்தேனே, அது யாருடைய நல்ல குணம்? என்னுடையதா, இல்லை என்னைப் பார்த்துக்கொண்டிருந்த கண்களுடையதா?

இந்தக் கேள்வி பழசு. ஏறக்குறைய 2400 வருஷத்துக்கு முன்னால் கிரேக்க ஞானி பிளேட்டோ எழுதிய ‘குடியரசு’ நூலில் ஒரு கதை வருகிறது. ஓர் இடையனுக்கு ஒரு மோதிரம் கிடைக்கிறது. அதைத் திருப்பினால் அவன் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டான். அவன் நேராக அரண்மனைக்குப் போய் அரசனைக் கொன்று நாட்டைப் பிடித்துக்கொள்கிறான். இப்படி ஒரு மோதிரம் இருந்தால் நல்லவனும் கெட்டவனும் ஒரே மாதிரிதான் நடப்பார்கள், இல்லையா என்று நூலில் ஒருவர் கேட்கிறார். எனக்கு அந்த மோதிரம் தேவைப்படவில்லை. ஒரு எல்ஆர்டி டிக்கெட்டே போதுமாக இருந்தது.

நம் பக்கமும் ஒரு கதை உண்டு. சமய வகுப்பில் டீச்சர் சொன்னது. கர்நாடகத்து பக்தர் கனகதாசரின் குரு, சீடர்களிடம் ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுத்து, யாரும் பார்க்காத இடத்தில் தின்றுவிட்டு வாருங்கள் என்கிறார். ஒருவன் கதவுக்குப் பின்னால் தின்றான், ஒருவன் மரத்தின் மேல். கனகதாசர் மட்டும் பழத்தோடு திரும்பி வந்தார். கடவுள் பார்க்காத இடம் எங்கேயும் கிடைக்கவில்லை என்றார்.

சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது எனக்குப் பயம்தான் வந்தது. கடவுள் என்றால் வானத்தில் மாட்டிய பெரிய சிசிடிவி என்று நினைத்துக்கொண்டேன். பல நண்பர்களும் இன்னும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் சிசிடிவிக்குப் பயந்து திருடாதவனை நாம் நல்லவன் என்று சொல்வதில்லையே. கேமரா கெட்டுப்போகும் நாள்வரைக்கும் அவன் காத்திருக்கிறான், அவ்வளவுதான். பங்சாரில் கதவு மூடியபோது என் கேமரா கெட்டுப்போயிருந்தது. கடவுளை அப்போது எனக்கு ஞாபகமே இல்லை.

அடுத்த சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் போனேன். தூண் பக்கத்தில் அங்கிள் இல்லை. அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். மனசுக்குள் ஒரு மூலையில் சந்தோஷம்கூட இருந்தது. நான் என் கடமையைச் செய்தேன், அவர் வரவில்லை, நான் என்ன செய்ய?

அதற்கு அடுத்த வாரம் என் அறைத்தோழன் கிள்ளானுக்கு அழைத்துப் போனான். அவன் கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்தவன். தீபாவளி நெருங்கிய நேரம். ஜாலான் தெங்கு கிளானா முழுக்கக் கூட்டம். ஒரு பக்கம் சேலைக் கடை, ஒரு பக்கம் முறுக்கு அதிரசம், நடுவில் பாட்டுச் சத்தம். முதலில் ஸ்ரீ சுந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குப் போனோம். கும்பிட்டு முடித்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்தப் பத்து வெள்ளியை எடுத்து உண்டியலில் போட்டேன். அப்பாடா என்று இருந்தது. கணக்கு முடிந்தது என்று நினைத்தேன்.

வெளியே வந்து ஒரு சாலையோர வடைக் கடையில் நின்றோம். அங்கே தட்டில் எண்ணிக் கொடுப்பதில்லை. நாமே எடுத்துச் சாப்பிட வேண்டும், முடிவில் எத்தனை என்று நாமே சொல்ல வேண்டும். கடை அக்கா எண்ணெய்ச் சட்டியைப் பார்ப்பாரா, நம் கையைப் பார்ப்பாரா? நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஏழு சாப்பிட்டோம். இடையில் ஒருவர் இடித்ததில் தோழன் கையில் இருந்த ஒரு வடை கீழே விழுந்தது. காசு கொடுக்கும்போது அவன், "எட்டு, அக்கா" என்றான்.

நடக்கும்போது கேட்டேன். "விழுந்தத நாம சாப்பிடலயே?"

அவன் என்னைப் புரியாமல் பார்த்தான். "நான்தான மச்சான் கீழ போட்டேன். அந்த அக்காவா போட்டாங்க?"

அவ்வளவுதான். அதற்குமேல் அவன் எதுவும் சொல்லவில்லை, பட்டாசு விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான். நான் இரண்டு விஷயத்தில் தோற்றுப்போயிருந்தேன். ஊர்ப் பையன்கள் நேர்மையானவர்கள், பட்டணத்து ஆட்கள்தான் ஒரு மாதிரி என்று நான் வைத்திருந்த கணக்கு முதலில் உடைந்தது. இவன் கூட்டத்துக்குள்ளேயே வளர்ந்தவன். அவனுக்கு ஊர்க்கண்ணும் தேவைப்படவில்லை, சிசிடிவியும் தேவைப்படவில்லை.

இரண்டாவதுதான் பெரியது. அவன் யார் தன்னைப் பார்க்கிறார்கள் என்று யோசிக்கவே இல்லை. எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கிற அந்த அக்காவை அவன் பார்த்தான். அந்த வடைக்கு உளுந்து ஊறப்போட்டது அவர், அரைத்தது அவர். நான் இரண்டு வாரமாக என்னை யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வியிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வியில் அங்கிள் எங்கேயும் இல்லை. நான், என் நல்ல பெயர், என் குற்ற உணர்ச்சி, என் உண்டியல், என் நிம்மதி, இவ்வளவுதான் இருந்தது. பெருமாளுக்கு நான் பத்து வெள்ளி பாக்கி வைக்கவில்லை. பாக்கி பிரிக்பீல்ட்ஸில் ஒரு மனிதரிடம். அவரிடம் எடுத்ததை உண்டியலில் போட்டுவிட்டு நிம்மதி தேடினால் அதற்குப் பெயர் பக்தி இல்லை. கோயில் உண்டியலை நான் குறைத்துப் பேசவில்லை. அங்கே போடுவது நம் சொந்தப் பணமாக இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

கனகதாசர் கதையும் அப்போது வேறு மாதிரி தெரிந்தது. எங்கே போனாலும் கடவுள் இருக்கிறார் என்றால், அவர் மேலே இருந்து என்னைக் கண்காணிக்கிறார் என்று மட்டும் அர்த்தமா? என் எதிரே நிற்கிற ஆளுக்குள்ளும் இருக்கிறார் என்றுதானே அர்த்தம்? நாம் மேடையில் அடிக்கடி பேசுகிற விஷயம்தான் இது. ஆனால் மழை நேரத்தில், ஈர நோட்டு கையில் இருக்கும்போது அது ஞாபகத்துக்கு வர வேண்டும்.

அன்று இரவு தாத்தாவுக்கு போன் செய்தேன். முழுக்கதையையும் சொல்லவில்லை, துன் சம்பந்தன் சாலைக்குப் போனதை மட்டும் சொன்னேன். தாத்தா உற்சாகமாகிவிட்டார். 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய கதையைச் சொன்னார். வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலம். வேலையும் வீடும் ஒன்றாகப் போய்விடும் என்று ஜனங்கள் பயந்த நேரம். தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டுங்கள், சேர்ந்து நாமே தோட்டம் வாங்கலாம் என்று கேட்டார்களாம். "கித்தா மரத்துல நாள் முழுக்க நின்னாலும் அப்பல்லாம் பத்து வெள்ளி பாக்க முடியாது, தம்பி. அந்தக் காச முகம் தெரியாத ஆளுங்ககிட்ட கொடுத்தோம்" என்றார் தாத்தா.

போனை வைத்தபிறகு ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை. பார்க்க முடியாத இடத்தில் இருக்கிற ஒருவர் சரியாக நடந்துகொள்வார் என்று நம்பித்தான் நம் ஜனங்கள் அன்றைக்கு எழுந்து நின்றார்கள். பார்வையற்ற அங்கிள் ஒவ்வொரு நாளும் அதே நம்பிக்கையில்தான் கையை நீட்டுகிறார். நான் கொடுப்பது இருபதா ஒன்றா என்று அவர் விரலால் பார்ப்பார். விரல் தவறினால் மீதி என் கையில். யோசித்துப் பார்த்தால் எல்லோருமே அப்படித்தான். லிஃப்டைப் பரிசோதித்தவர் ஒழுங்காகப் பரிசோதித்தாரா என்று நாம் பார்ப்பதில்லை, ஏறிவிடுகிறோம். நாளைக்கு நாங்கள் இன்ஜினியர் ஆகிக் கையெழுத்துப் போடும்போது, அந்தப் பாலத்தில் நடப்பவர்கள் எங்களைப் பார்க்கப் போவதில்லை. அன்றைக்கும் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இருக்கும், மழை இருக்கும், வீட்டுக்குப் போகும் அவசரம் இருக்கும். யாருக்குத் தெரியப் போகுது என்ற வாக்கியமும் இருக்கும்.

நான்காவது சனிக்கிழமை அங்கிள் இருந்தார். நான் போய், "அங்கிள்" என்றேன்.

"சுங்கை சிப்புட் தம்பியா? வழி கண்டுபிடிச்சிட்டியா?"

ஒரு வார்த்தையில் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். இந்த ஊரில் என்னை யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேனே!

விஷயத்தைச் சொன்னேன். மழை நாள், ஸ்டேஷன், இருபத்தெட்டு, எல்லாம். பங்சாரில் இறங்காமல் போனதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போதுதான் குரல் கொஞ்சம் தடுமாறியது. பத்து வெள்ளியை அவர் கையில் வைத்தேன். அவர் விரலால் நீளம் பார்த்து, மடித்து, பையில் போட்டுக்கொண்டார்.

"அன்னிக்கு ராத்திரி கணக்கு ஒதைச்சிச்சி. யாருகிட்ட போச்சின்னு தெரியல" என்றார். என்னைப் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "டிஷ்யூ வேணுமா?" என்று கேட்டார். இரண்டு பாக்கெட் வாங்கினேன். இந்த முறை சரியாக நான்கு வெள்ளி சில்லறையாக வைத்திருந்தேன்.

அவருடைய கணக்கு எத்தனை நாள் இப்படி உதைத்திருக்கும், திரும்பி வராதவர்கள் எத்தனை பேர் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. பத்து வெள்ளியைத் திருப்பிக் கொடுத்ததால் நான் பெரிய மனிதனாகிவிடவில்லை. மூன்று வாரம் தாமதமாக, அவருடைய பணத்தை அவரிடம் கொடுத்தேன். அவ்வளவுதான் நடந்தது.

புது செமஸ்டர் தொடங்கும்போது நம் தம்பி தங்கைகள் பலர் பேராவில் இருந்தும் கெடாவில் இருந்தும் ஜொகூரில் இருந்தும் இங்கே வருவார்கள். ஊர்க்கண் இல்லாத முதல் சனிக்கிழமை அவர்களுக்கும் வரும். சந்தோஷமாகச் சுற்றட்டும். பத்துமலை ஏறட்டும், கிள்ளானில் வடை சாப்பிடட்டும். என்னை மாதிரி வழி தொலைந்து நின்றால் பிரிக்பீல்ட்ஸ் பாலத்துக்குக் கீழே கேட்கட்டும், அங்கே வழி தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். மீதிச் சில்லறையை மட்டும் அங்கேயே நின்று எண்ணிப் பார்த்துவிட்டு ரயில் ஏறுங்கள். கூடுதலாக இருந்தால் உடனே திருப்பிக் கொடுப்பது சுலபம். பங்சார் தாண்டிவிட்டால் கஷ்டம். எனக்கு மூன்று வாரம் ஆனது.